நவஹோ பொலிசும் என் பன்னிரண்டாவது வழக்கும்

4 பெப்ரவரி 2024, ஞாயிறு

மழை. ஏழாவது நாள். வானம் முழுவதையும் யாரோ அழுக்குத் தண்ணீர் வாளிக்குள் தோய்த்து, சரியாக என் தலைக்கு மேல் பிடித்துப் பிழிவது போல. முப்பது வருடம் பாரிசில் கந்தோர் கந்தோராக அலுவலகத் தரை துடைத்தவன் சொல்கிறேன்: இந்த நகரத்தின் வானத்தை ஒருநாளும் ஒருவரும் ஒழுங்காகத் துடைக்கவில்லை.

பாரிசுக்கு வெளியே ஓல்னேக்குப் போனேன், தங்கச்சி வீட்டுக்கு. நண்டுக் குழம்பு. நண்டு நெப்போலியன் காலத்தில் உறைய வைத்ததாக இருக்க வேண்டும். இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பிறகு தங்கச்சி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். குழாயையும் திறந்துவிட்டாள், கதை வெளியே போகாமல் இருக்க. பெரிய விஷயம் என்று விளங்கியது.

"அண்ணை, தர்சினி ஒருத்தனை விரும்புறாளாம்."

"வெள்ளையோ?"

"தமிழ்தான். வன்னிப் பெடியன். நிரோஜன் எண்டு பேர். ஏதோ பிரெஞ்சு ரெஸ்ரோரண்டிலை சமையல்." மூக்கைத் துடைத்தாள். "வெள்ளை எண்டாலும் பரவாயில்லை அண்ணை. ஆரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."

தர்சினி தங்கச்சியின் மகள், எனக்கு மருமகள். இருபத்தெட்டு வயது. இங்கே பிறந்தவள். காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. தாய் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில். நான் கேட்டால் மட்டும் தமிழ். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

"நீங்கள் ஒருக்கா விசாரிச்சுச் சொல்லவேணும்."

கதவுக்கு வெளியேயிருந்து மச்சானின் குரல்: "என்ன ஆக்கள் எண்டு மட்டும் பாருங்கோ மச்சான். எங்கடை ஆக்கள் எண்டா நாளைக்கே கலியாண எழுத்தை வைப்பம். இல்லையெண்டா கதையை உதோடை விடுவம்."

குழாய் வீணாக ஓடியது.

சாதி என்ற சொல் அந்த வீட்டில் விழவில்லை. எங்களில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. ஆக்கள் என்போம். நாகரிகமானவர்கள்.

பாரிசில் தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலின் புலனாய்வுத் துறை இப்படியாகத் தன் பன்னிரண்டாவது வழக்கை ஏற்றது. துறையின் அதிபர், துணை அதிபர், சாரதி, மோப்ப நாய், எல்லாம் நானே.

வெளிக்கிடும்போது தர்சினி என் கைத்தொலைபேசியை வாங்கி ஏதோ செய்தாள். அமெரிக்கத் தொடர் ஒன்று. நவஹோ என்று அங்கே ஒரு பூர்வகுடி, அவர்களுக்குச் சொந்தப் பொலிஸ், பாலைவனத்தில் கொலை. (இனி ந.பொ.)

"பாருங்கோ மாமா. இந்தப் பொலிசும் ஆளைக் கண்டவுடனை நீங்கள் கேக்கிற மாதிரித்தான் கேக்கும்."

முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. காப்புறுதிக்காரி.

5 பெப்ரவரி, திங்கள்

காலை 6–10 வேலை. மூன்றாம் மாடிக் கந்தோரில் யாரோ கம்பளத்தில் பழச்சாற்றை ஊற்றிவிட்டு அதன் மேல் கதிரையை வைத்து மறைத்திருக்கிறார்கள். படித்தவர்கள்.

மூன்று மணிக்கு ந.பொ. முதல் பாகம். குறைகள்:

– தொடக்கத்தில் மணல். ஒரு வண்டி. திரும்ப மணல். ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்த நேரத்துக்குள் எங்கள் ஊரில் இரண்டு கலியாணம் குழம்பியிருக்கும்.

– பிரெஞ்சுக் குரல் கொடுத்திருக்கிறார்கள். பெரிய பொலிஸ், நெருப்பில் சுட்ட மண் மாதிரி முகம். வாயைத் திறந்தால் அடுத்த மெட்ரோ நிலையத்தை அறிவிக்கும் குரல். கேட்கவே அரியண்டம்.

– கொலைகாரன் யார் என்று இருபதாவது நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. (பிறகு அவனும் செத்துவிட்டான். அதனால் என் கணிப்பு பிழை என்று சொல்ல முடியாது.)

– வாஷிங்டனிலிருந்து ஒரு வெள்ளைப் பொலிஸ் கோட் சூட்டுடன் வந்து, எல்லாவற்றையும் தொட்டு, ஒருவரையும் கேளாமல் போகிறான். என் முதலாளி, பத்திரோன் மாதிரி.

ஆனால் ஒரு இடம். பெரிய பொலிஸ் ஒரு கிழவியிடம் சாட்சி கேட்கப் போகிறார். கொலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நின்றபடி தன் தாயின் குலம், தகப்பனின் குலம், தாயைப் பெற்றவரின் குலம், தகப்பனைப் பெற்றவரின் குலம், நாலையும் வரிசையாகச் சொல்கிறார். கிழவி தன் நாலையும் சொல்கிறாள். இருவரும் ஒரு கணம் கணக்குப் பார்க்கிறார்கள். பிறகு கிழவி, "அப்படியானால் நீ எனக்கு மகன்" என்கிறாள். கோப்பி ஊற்றுகிறாள். அதற்குப் பிறகுதான் கொலை.

எழுந்து நின்றுவிட்டேன். முப்பது வருடமாக லாச்சப்பலின் ரூ பெர்தொனே தெருவில் நான் செய்வது இதுதான். என் தொழிலுக்கு உலக அங்கீகாரம்.

7 பெப்ரவரி, புதன்

தூறல். சப்பாத்து ஓட்டை, வலது கால். பசை வாங்க வேண்டும்.

ரூ பெர்தொனேயில் சின்னராசா அண்ணையின் தேநீர்க் கடை. அண்ணைக்கு எழுபது வயது. பாரிசில் எந்தத் தமிழனுக்கு எந்த வருடம் வதிவிடக் கார்ட் கிடைத்தது, எவனுக்குக் கிடைக்கவில்லை, எல்லாம் அவர் தலைக்குள். பிரெஞ்சு அரசு அவரிடம் பிரதி எடுத்துத்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன்.

"நிரோஜன் எண்டு ஒருத்தன். சமையல். வன்னி," என்றேன்.

"ஆர், கார் து லெஸ்து ஸ்டேசனுக்குப் பக்கத்திலை வேலை செய்யிறவனோ? நல்ல பெடியன். முப்பத்தொண்டு வயசு. பத்து வருசக் கார்ட். குடி இல்லை. கதையும் இல்லை." குரலைத் தாழ்த்தினார். "ஆனா என்ன ஆக்கள் எண்டுதான் பிடிபடேல்லை. நானும் ரெண்டு தரம் கதை விட்டுப் பாத்தன். சிரிச்சுப்போட்டுப் போயிட்டான்."

"என்னட்டை சிரிக்கேலாது அண்ணை. என்ரை மூண்டு கேள்விக்கு நிண்டவன் இல்லை."

"அது தெரியும். நீர் விடுற ஆளோ."

மூன்று கேள்வி, பதிவுக்காக:

1. ஊரிலை எவடம்? (ஊர் அல்ல. ஊருக்குள் எந்த மூலை.)

2. கோயில் எது, எத்தனையாம் திருவிழா உங்களுடையது? (ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் உபயம். திருவிழா உள்ளவர் கோயிலுக்கு உள்ளே நின்றவர். இல்லாதவர் வெளியே நின்றவர்.)

3. அப்பப்பா என்ன செய்தவர்? (இதற்கு வருமுன்பே வழக்கு முடிந்திருக்கும்.)

பதினொரு வழக்கு. தோல்வி பூச்சியம். நாலாவது மட்டும் கொஞ்சம் தெரிந்த வழக்கு: 2009இல் ஒரு நண்பரின் மகளுக்குப் பொண்டி என்ற புறநகரிலிருந்து வந்த சம்பந்தம். இரண்டாவது கேள்வியிலேயே விழுந்தான். நண்பர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மகள் இப்போது இதே தெருவில் நகைக்கடையில் தராசுக்குப் பின்னால் நிற்கிறாள். கலியாணம் செய்யவில்லை. அது அவள் பாடு. துறையின் பொறுப்பு அல்ல.

பிறவியிலேயே எனக்கு வெற்றி பழக்கம். ஆறு வயதில் எங்கள் ஊரின் கண்ணாடிக் கோலி, அதாவது போளை விளையாட்டுச் சக்கரவர்த்தி நான். என்னிடம் வெடிச்ச போளை இருந்தது, கண்ணாடிக்குள் வலை வலையாகக் கீறல் ஓடி, வெயிலில் பிடித்தால் உள்ளே ஒரு மாளிகை. வடக்குத் தெருவிலிருந்து கடற்கரை வரை அதை வெல்ல ஆளில்லை. அதற்கு ஈடாக ஒருவன் உயிருள்ள ஆட்டுக்குட்டியையே தர வந்தான். (கோழிக்குஞ்சு. பரவாயில்லை.)

8 பெப்ரவரி, வியாழன்

பசை வாங்க மறந்தேன்.

ந.பொ. இரண்டும் மூன்றும் ஒரே மூச்சில். வெறுப்பு எல்லை கடந்துவிட்டது. பெரிய பொலிஸ் குனிந்து மணலைப் பார்த்தே போனவன் பாரமானவனா, நொண்டியா, கடன்காரனா என்று சொல்லிவிடுகிறார். சரி, விடுவோம். அந்தச் சுவட்டின் பின்னால் பாறை, ஆறு, மலை எல்லாம் தாண்டிப் போகிறார். கடைசியில் சுவடு எங்கே முடிகிறது? அவருடைய வீட்டு வாசலில்.

தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போனேன். இவ்வளவு பெரிய பாலைவனம். ஆயிரக்கணக்கான வாசல்கள். சரியாகப் பொலிஸ்காரன் வாசல்தானா கிடைத்தது? எழுதியவன் சோம்பேறி. என் பதினொரு வழக்கில் ஒன்றாவது என் வாசலில் வந்து நின்றதுண்டா?

தங்கச்சி போன்: "என்ன அண்ணை, ஏதும் தெரிஞ்சுதோ?"

"சனிக்கிழமை பிடிக்கிறன்."

10 பெப்ரவரி, சனி

மழை. இதை இப்போதே எழுத வேண்டும்.

பிற்பகல் மூன்று மணி. மதியச் சாப்பாடு முடிந்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் சமையல்காரர் ஓயும் நேரம். கார் து லெஸ்துக்குப் பக்கத்துச் சந்து. ரெஸ்ரோரண்டின் பின்கதவு. வெற்றுப் போத்தல் போடும் பச்சைத் தொட்டிக்குப் பின்னால் நான், கறுப்புத் தொப்பி, மடக்கிய குடை. மலை, மரம், தொட்டி, நான், எல்லாம் ஒன்று. ஒரு கழுகுக்கும் என்னைத் தெரிந்திராது.

கதவு திறந்தது. வெள்ளை மேற்சட்டையுடன் ஒருவன்.

"ஐயா, உதிலை நிண்டா நனைவியள். உள்ளுக்கை வாங்கோ."

"என்னை எப்பிடித் தெரியும் உமக்கு?"

"தர்சினி போட்டோ காட்டினவ. தொப்பியையும் சொன்னவ."

ஐயா என்றான். மாமா என்று பாயவில்லை. அடக்கமான பெடியன் என்று மனதில் குறித்தேன்.

உள்ளே சூடு, வெங்காய மணம். கோப்பி போட்டுத் தந்தான். கணவாய் துப்பரவு செய்துகொண்டிருந்தான், கை நிற்கவில்லை. நான் பெரிய பொலிஸ் மாதிரி இரண்டு நிமிடம் மௌனமாக இருந்து பார்த்தேன். அவனும் மௌனமாக இருந்தான். எனக்குத்தான் தாங்கவில்லை.

"அப்ப, ஊரிலை எவடம்?"

"எந்த இடத்திலையிருந்து சொல்ல?" கத்தியால் காற்றில் எண்ணினான். "பிறந்தது கிளிநொச்சி. பிறகு அக்கராயன். பிறகு புதுக்குடியிருப்பு. பிறகு மாத்தளன். பிறகு முகாம். பாய் விரிச்ச இடமெல்லாம் சொன்னா பன்னிரண்டு வரும். எது வேணும் உங்களுக்கு?"

"சரி. கோயில்? திருவிழா எத்தினையாம் நாள் உங்கடை?"

"முகாமிலை ஒரு மரத்துக்குக் கீழை பிள்ளையார் இருந்தவர். அவருக்கு எல்லா நாளும் எல்லாற்றை திருவிழாவும்தான்."

இரண்டும் போய்விட்டது. துறையின் வரலாற்றில் முதல் தடவை. மூன்றாவதை எடுக்க வாயைத் திறந்தேன். அவன் கத்தியைத் துடைத்து வைத்தான்.

"அடுத்தது அப்பப்பா என்ன செய்தவர் எண்டுதானே ஐயா. சீவல் தொழில். மரமேறிக் கள்ளு இறக்கினவர். கிளிநொச்சிக்கு அறுபத்தெட்டாம் ஆண்டு வந்தவர். அதுக்கு முன்னம் உங்கடை ஊர்."

"என்ரை ஊரோ?"

"உங்கடை வீட்டு வளவுக்குப் பின்னாலை பனங்காணி. அதுக்கு அங்காலை நாலு கொட்டில். கடைசி எங்கடை. கோயிலுக்குள்ளை போய்க் கும்பிடவேணும் எண்டு கேட்ட ஆக்களோடை அப்பப்பாவும் போய் நிண்டவர். அண்டைக்குப் பின்னேரம் நாலு கொட்டிலும் எரிஞ்சுது."

கோப்பிக் கோப்பை என் கையில். வைக்க மேசை தேடினேன். மேசை என் முன்னால்தான் இருந்தது.

"அப்பப்பா சாகுமட்டும் உங்கடை அப்பாவின்ரை பேரைச் சொன்னதில்லை," என்றான். கோபம் இல்லை, சமையல் குறிப்புச் சொல்வது போல. "மரியாதையா நயினார் எண்டுதான் சொல்லுவார். நயினார் வளவாலைதான் தீப்பந்தம் வந்தது எண்டு சொல்லேக்கையும் நயினார்தான்."

"உம்மடை அப்பா?"

"அவருக்கு அப்ப எட்டு வயசு. இரண்டாயிரத்து ஒன்பதிலை மாத்தளனிலை செத்துப்போனார். அந்த நாளைப் பற்றி ஒண்டும் சொல்லமாட்டார். ஒரு தகரப் பேணி நிறையப் போளை வைச்சிருந்தவராம். அதை மட்டும் சொல்லுவார்."

தர்சினிக்குத் தெரியுமா என்று கேட்டேன். 

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவவுக்கும் தெரியும். தன்ரை அம்மாவின்ரை ஊரையும் வீட்டுப் பேரையும் அவ சொன்ன நாளிலையிருந்து ஒரு கிழமை நான் போன் எடுக்கேல்லை. பிறகு எடுத்தன்." கணவாயைத் திரும்பக் கையில் எடுத்தான். "நீங்கள் விசாரிச்சது எல்லாம் சரிதான் ஐயா. வீட்டிலை சொல்லுங்கோ. நான் ஒண்டையும் ஒளிக்கிறேல்லை."

வெளியே வந்தேன். குடையை அங்கேயே விட்டுவிட்டேன்.

எழுத வேண்டியதை எழுதுகிறேன். கொட்டில்கள் எரிந்த அடுத்த நாள் காலை சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. நாங்கள் ஐந்து பிள்ளைகள் போய்க் கிளறினோம். பேணி நெளிந்து கிடந்தது. உள்ளே போளைகள். நெருப்பில் கிடந்ததால் உள்ளுக்குள் வெடித்து, வலை வலையாக. பங்கு போட்டோம். எனக்கு ஏழு.

எரிந்த அன்று அப்பா கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினார். மண்ணெண்ணெய் மணம். ஐம்பத்தாறு வருடமாக அதை அப்பா விளக்கு நிரப்பிய மணம் என்றே நினைவில் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பா ஒருநாளும் விளக்கு நிரப்பியதில்லை.

11 பெப்ரவரி, ஞாயிறு

ஓல்னேக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று தங்கச்சிக்குச் சொன்னேன். பொய். சாப்பிட்டது: பாண், வெங்காயம்.

ந.பொ. மிச்சத்தைப் போட்டேன். பெரிய பொலிஸ் தன் வாசலில் நின்று சுவட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தினேன்.

நாலு மணிக்குத் தர்சினி. லிப்ட் இல்லாத ஐந்து மாடி ஏறி, நனைந்த கோட்டுடன், என் குடை அவள் கையில்.

"உங்கடை குடையாம்."

வாங்கி மூலையில் வைத்தேன்.

"அம்மாவுக்கு என்ன சொல்லப் போறீங்கள் மாமா?"

வழி வைத்திருந்தேன். மாமாவிடம் எப்போதும் வழி உண்டு. "எங்கடை ஊர்ப் பெடியன்தான் எண்டு மட்டும் சொல்லுறன். உண்மைதானே. மிச்சத்தை உன்ரை அம்மா தானே நிரப்பிக்கொள்ளுவா. எழுத்து முடியட்டும்."

"வேண்டாம்" என்று பிரெஞ்சில் சொன்னாள். என்னோடு பிரெஞ்சு பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு தமிழில்: "அவர் என்ரை அம்மாவுக்கு முன்னாலை ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொய்க்குள்ளை இருந்து சோறு சாப்பிடவேணுமோ?"

"அப்ப இந்தக் கலியாணம் நடக்காது பிள்ளை. உன்ரை அப்பாவை எனக்குத் தெரியும்."

"நடக்கும். நீங்கள் ஒருத்தரும் இல்லாமல் நடக்கும். மேரியிலை ரெண்டு சாட்சி காணும்." உதட்டைக் கடித்தாள். "எனக்கு நீங்கள் வேணும். அதுதான் வந்தனான்."

மேரி என்றால் நகரசபை, பதிவுத் திருமணம். அவள் சொன்னால் செய்வாள்.

நான் கதையை மாற்றினேன். கெட்ட பழக்கம். "நாடகத்தை நீ வேணுமெண்டுதான் தந்தனியோ?"

"இல்லை. அது நிரோஜன் பாக்கிறவர். இடைவேளையிலை குசினியிலை எல்லாரும் போனிலை பாக்கிறவை." கோட்டைக் கழற்றாமலே கட்டில் ஓரத்தில் இருந்தாள். "அந்தக் குலம் கேக்கிற இடம் பாத்தனீங்களோ? அவை கலியாணத்துக்கும் அப்பிடித்தான் கேப்பினம். அவர் வாசிச்சுச் சொன்னவர். ஒரே குலம் எண்டா அண்ணன் தங்கச்சி, கட்டக்கூடாது. அதுக்குத்தான் கேக்கினம்."

"ஓம்."

"தங்கடை ஆளைக் கட்டக்கூடாது எண்டு அவை கேக்கினம். தங்கடை ஆளை மட்டும்தான் கட்டவேணும் எண்டு அப்பா கேக்கிறார். ஒரே கேள்வி மாமா."

போய்விட்டாள். படிகளில் அவள் சப்பாத்துச் சத்தம், ஐந்து மாடிக்கும் கேட்டது.

எழுந்து நின்றேனே அந்தக் கிழவிக்கும் பொலிசுக்கும். கிழவி கேட்டது கோப்பி ஊற்ற. நான் பதினொரு தடவை கேட்டது கோப்பியைத் திருப்பி எடுக்க.  

13 பெப்ரவரி, செவ்வாய்

வெயில், இருபது நிமிடம்.

சப்பாத்துப் பசை வாங்கினேன். திரும்பும்போது நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவள், நாலாவது வழக்கு. ஒரு குழந்தைக்குக் காப்பு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு தலையசைத்தாள். எப்போதும் அசைப்பாள். பதினைந்து வருடமாக அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பொண்டிப் பெடியனின் பெயர் என்ன? இரண்டு நாளாக யோசிக்கிறேன். அவன் ஊர் நினைவிருக்கிறது. மூலை நினைவிருக்கிறது. கோயில் நினைவிருக்கிறது. பெயர் இல்லை.

18 பெப்ரவரி, ஞாயிறு

ஓல்னே. கோழி. சாப்பாட்டுக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். சாப்பிட்ட பிறகுதான் வாய் வந்தது. என் வாயின் இலட்சணம்.

தங்கச்சி, மச்சான், தர்சினி, நான். தங்கச்சி குசினிக்குக் கூப்பிட்டாள். "இஞ்சையே சொல்லுறன்," என்றேன்.

சொன்னேன். ஊர், பனங்காணி, நாலு கொட்டில், சீவல் தொழில்.

மச்சான் கையைத் துடைத்தார். "அப்ப எங்கடை ஆக்கள் இல்லை. முடிஞ்சுது. சொன்னதுக்குச் சந்தோசம் மச்சான்."

"இன்னும் முடியேல்லை. கொட்டிலைக் கொளுத்தினது எங்கடை அப்பா."

தங்கச்சி சிரிக்கப் பார்த்தாள். நான் சொல்வதில் பாதி புளுகு என்று அவளுக்குத் தெரியும். நானே பழக்கியது. "என்ன அண்ணை விசர்க் கதை. அப்பா கோயில் தர்மகர்த்தா."

"அதாலைதான்."

"நீங்கள் அப்ப சின்னப்பிள்ளை. உங்களுக்கு என்ன தெரியும்?"

"அடுத்த நாள் சாம்பலைக் கிளறிப் போளை எடுத்தனான். ஏழு. அந்தப் பெடியனின்ரை அப்பாவின்ரை போளை."

"வெடிச்ச போளையோ?"

தங்கச்சியின் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுந்து அறைக்குள் போனாள். பிஸ்கட் பேணி ஒன்றோடு வந்தாள், தையல் பேணி. மேசைத் துணியில் கவிழ்த்தாள். பொத்தான்கள், ஊசிகள், கொக்கிகள், அதற்குள் அது. நான் பத்து வயதில் அவளுக்குக் கொடுத்தது. ஊரிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து ஓல்னே, அவளோடு எல்லா வீடும் வந்திருக்கிறது. வலை வலையாக, உள்ளே மாளிகை.

"வடிவாக் கிடந்தது எண்டு வைச்சிருந்தன்," என்றாள். யாரையும் பார்க்காமல். "வடிவாக் கிடந்தது."

மச்சான் எழுந்து பால்கனிக்குப் போனார். கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினார். அவர் சிகரெட்டை விட்டு ஏழு வருடம்.

தர்சினி போளையை எடுத்தாள். சட்டையில் துடைக்கவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் இல்லை. கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். தாய் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பேணிக்குள் போட்டாள். நான் உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

20 பெப்ரவரி, செவ்வாய்

திரும்ப மழை. பசை ஒட்டவில்லை. இந்த நாட்டில் செய்யும் பசையும் தூதரக வாக்குறுதியும் ஒன்று.

ந.பொ. கடைசிப் பாகம் இன்னும் பார்க்கவில்லை. அவர் வாசலிலேயே நிற்கட்டும்.

காலை பத்தரைக்குத் தங்கச்சி போன். இரண்டு நாளுக்குப் பிறகு.

"அண்ணை, ஒண்டு விசாரிச்சுச் சொல்லவேணும்."

எனக்கு இரத்தம் கொதித்தது. "நான் இனி விசாரிக்கிறேல்லை."

"அந்தப் பெடியன் வீட்டிலை என்ன சாப்பிடும் எண்டு கேளுங்கோ. கணவாய் எண்டா வேலையிலை அலுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு."

"மச்சான்?"

"கதைக்கேல்லை. சாப்பிடுறார்."  பிறகு குரலைத் தாழ்த்தினாள், குழாய் திறக்கிற சத்தமும் கேட்டது. "அண்ணை, வெளியாக்கள் கேட்டா எங்கடை ஊர் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது பொய்யில்லைத்தானே."

நான் தர்சினிக்குக் கொடுக்கப் பார்த்த அதே வழி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மூளை. போனை வைத்தேன். அரியண்டமாக இருந்தது, அவளில் அல்ல, என்னில்.

சின்னராசா அண்ணையின் கடை. உள்ளே ஆறு பேர். ஈரக் கோட்டு மணம், வடைச் சட்டி மணம்.

"வாரும் வாரும். தங்கச்சியின்ரை பெட்டைக்கு எழுத்தாம்? அந்தச் சமையல் பெடியன்தானாம்?" அண்ணை தேநீரை உயர்த்தி ஆற்றினார். எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் தாழ்ந்த குரல், அது ஒரு கலை. "உமக்கு எப்பிடியும் பிடிபட்டிருக்கும். என்ன ஆக்கள்?"

ஆறு பேரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு என் வாயைக் கேட்டார்கள். எங்கடை ஊர் என்று சொன்னால் போதும். கரண்டி திரும்பச் சுற்றும். தேநீர் வரும்.

"நாங்கள் வீடு கொளுத்தி ஊரை விட்டுக் கலைச்ச ஆக்கள்," என்றேன்.

அண்ணையின் கையிலிருந்த தேநீர் பாதி உயரத்தில் நின்றது. அண்ணையும் எங்கள் ஊர்தான். கோயிலில் அவர்களுக்கு ஆறாம் திருவிழா.

 வடை ஒன்று சட்டிக்குள் கருகியது. தேநீரை நானே எட்டி வாங்கிக் குடித்தேன். சீனி கூடிவிட்டது.